விஜய் ஐயரின் ‘பிரேக் ஸ்டஃப்’: கார்வைக்காக வாங்கிய ஒரு சி.டி.

எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டில் சனிக்கிழமை காலை ஐந்து பிள்ளைகள் மிருதங்கம் கற்றுக்கொள்கிறார்கள். ஊர் நியூஜெர்ஸியில் எடிசன். அவர்களில் ஒருவனுக்கு 15 வயது. சுத்தமான கை. அவன் சாப்பு என்ற அடியைப் போட்டால் நாதம் அறை முழுக்க நிற்கும். குறை ஒன்றே ஒன்றுதான்: கார்வையில் நிற்கமாட்டான்.

மிருதங்கம் பழகாதவர்களுக்காகச் சொல்கிறேன். சொல் என்றால் அடிகளின் கோவை. கார்வை என்பது ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே விடுகிற இடைவெளி. அதற்கும் அளவு உண்டு. ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனத்துக்கு, அதாவது ஒரு சுற்றுக்கு, 8 அட்சரம்; அட்சரத்துக்கு 4 மாத்திரையாக 32 மாத்திரை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் 8 மாத்திரையை விட்டுவிட்டு எடுக்க வேண்டும். ஆறு மாத்திரைச் சொல் ஒன்று, மூன்று மாத்திரை கார்வை, மறுபடி ஆறு, மறுபடி மூன்று, கடைசியாக ஓர் ஆறு. மொத்தம் 24. நேராகச் சமத்தில், அதாவது அடுத்த சுற்றின் முதல் அடியில், வந்து இறங்கும். இரண்டு கார்வையிலும் ஒவ்வொரு மாத்திரையைத் தின்றுவிட்டால் அரை அட்சரம் முன்னாலேயே வந்து விழுவோம். அவன் வாராவாரம் அப்படித்தான் விழுந்துகொண்டிருந்தான்.

“அங்கே ஒன்றுமே இல்லையே டீச்சர், எதற்குக் காத்திருக்க வேண்டும்?” என்று கேட்டான்.

கும்பகோணத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் இந்தக் கேள்விக்கெல்லாம் வாயால் பதில் சொன்னதில்லை. கார்வை வரும்போது என் வலது மணிக்கட்டின் மேல் இரண்டு விரலை வைப்பார். அழுத்தமாட்டார், சும்மா வைப்பார். அந்த மூன்று மாத்திரையும் அவர் விரலின் எடை என் கையில் இருக்கும். எடுத்தவுடன் அடுத்த சொல். அந்த எடைதான் கார்வை என்று எனக்குப் புரிய ஒரு வருடம் ஆயிற்று. இந்தப் பிள்ளைக்கு அதை எப்படிப் புரியவைப்பது என்று தெரியாமல் திண்டாடிக்கொண்டிருந்த நாட்களில்தான், பழைய இசைத்தட்டு விற்கும் கடை ஒன்றில் இந்த சி.டி. கையில் கிடைத்தது. 9 டாலர். அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் விஜய் ஐயரின் மூவர் குழுவான விஜய் ஐயர் டிரியோ வாசித்த ‘பிரேக் ஸ்டஃப்’. இசிஎம் நிறுவனம் 2015 பிப்ரவரியில் வெளியிட்டது.

விஜய் ஐயரின் பெயர் எனக்குப் புதிதில்லை. 2013-இல் அவருக்கு மெக்கார்தர் ஃபெலோஷிப் கிடைத்தபோது, அதாவது ‘மேதைகளுக்கான நிதி’ என்று பத்திரிகைகள் எழுதுமே அந்த 6,25,000 டாலர், எங்கள் உறவுக்காரர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பிக்கொண்டார்கள். அடுத்த வருடமே ஹார்வர்டில் பேராசிரியர் ஆனார். மறுபடி ஒரு சுற்றுச் செய்தி. அனுப்பியவர்களில் அவருடைய வாசிப்பை ஐந்து நிமிடமாவது கேட்டவர்கள் எத்தனை பேர் என்றால், நானும் அன்று கேட்டிருக்கவில்லை. அந்தக் கடனையும் சேர்த்துத்தான் 9 டாலர் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து வட்டைப் போட்டேன். ஒரு சத்தமும் இல்லை. ஒலிபெருக்கியின் ஒயரைத் தொட்டுப் பார்க்க எழுந்தேன். அதற்குள் பியானோ தொடங்கிவிட்டது. பிறகுதான் தெரிந்துகொண்டேன், இசிஎம் சி.டி.க்களில் முதல் இசைக்கு முன்னால் ஐந்து விநாடி மௌனம் வைப்பது வழக்கமாம். 1969-இல் மியூனிக் நகரில் இந்த நிறுவனத்தைத் தொடங்கிய மான்ஃபிரெட் ஐக்கர்தான் இந்த வட்டுக்கும் தயாரிப்பாளர். கச்சேரி மேடையில் தம்பூராவை மட்டும் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பாடகர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே, அந்த இடம் எனக்கு நினைவு வந்தது. கேட்கிறவருடைய காதைத் துடைத்துவைக்கிற நேரம் அது.

வாசிப்பவர்கள் மூன்று பேர். பியானோ விஜய் ஐயர். டபுள் பாஸ் ஸ்டீஃபன் கிரம்ப், மெம்ஃபிஸ்காரர். டிரம்ஸ் மார்கஸ் கில்மோர். 2014 ஜூன் மாதம் நியூயார்க்கின் அவதார் ஸ்டூடியோவில் ஒலிப்பதிவு செய்திருக்கிறார்கள். 12 உருப்படி, சுமார் 70 நிமிடம். இதே மூவர் ‘ஹிஸ்டாரிசிட்டி’ (2009), ‘ஆக்சலராண்டோ’ (2012) என்று இரண்டு தொகுப்புகள் முன்பே போட்டவர்கள். அதனால் யாருக்கு யார் பக்கவாத்தியம் என்கிற பேச்சே இங்கே எழாது. பாஸ் முன்னால் வந்து பேசும்போது பியானோ தாளம் போடுகிறது. டிரம்ஸ் பாடும்போது மற்ற இருவரும் அதற்கு வழிவிட்டு ஓரமாக நடக்கிறார்கள். நம்முடைய கச்சேரியில் தாளவாத்தியத்துக்குத் தனி ஆவர்த்தனம் என்று தனியாக ஓர் இடம் ஒதுக்கிக் கொடுக்கிறோம். இவர்களிடம் தனி எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று கோடு கிழிக்க முடியாது.

தலைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். ‘பிரேக்’ என்றால் உடைப்பு என்று மட்டும் எடுத்துக்கொண்டால் பாதிதான் வரும். ஜாஸில், மற்ற எல்லோரும் சட்டென்று நிறுத்திக்கொண்டு ஒருவரை மட்டும் இரண்டோ நான்கோ தாளச் சுற்றுக்குத் தனியே விடுகிற இடத்துக்குப் பெயர் பிரேக். ஃபங்க், சோல் பாடல்களில் பாட்டு ஓய்ந்து டிரம்ஸ் மட்டும் ஓடுகிற சில விநாடிகளும் பிரேக்தான். 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520 என்ற குடியிருப்பில் நடந்த விருந்தில் டி.ஜே. கூல் ஹெர்க் என்ற ஜமைக்கா பையன் இரண்டு இசைத்தட்டுகளை வைத்துக்கொண்டு அந்தச் சில விநாடிகளையே மாற்றி மாற்றி நீட்டினான். ஹிப்ஹாப் அங்கிருந்துதான் பிறந்தது என்று கணக்கு வைக்கிறார்கள். அந்த இடைவெளியில் ஆடியவர்கள்தான் பிரேக் டான்ஸ்காரர்கள். விஜய் ஐயர் இந்தத் தொகுப்புக்குச் சொல்லியிருக்கும் விளக்கமும் அதையே ஒட்டியது: இசை நின்ற மாதிரி தோன்றுகிற இடமும் இசைதான், ஏதாவது செய்வதற்காகத் திறந்துவிட்ட நேரம் அது. எனக்கு அதைப் படித்ததும் மணிக்கட்டில் விரல் வைத்த மாதிரி இருந்தது. இந்த மனிதர் 70 நிமிடமும் கார்வையைப் பற்றித்தான் வாசித்திருக்கிறார்.

அவர் எங்கிருந்து இங்கே வந்தார் என்பது தெரிந்தால் வட்டு இன்னும் நன்றாகக் கேட்கும். 1971 அக்டோபர் 26 அன்று நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில் பிறந்தவர். தமிழ்நாட்டிலிருந்து குடியேறிய பெற்றோர். ராச்செஸ்டர் நகரத்தை ஒட்டிய ஃபேர்போர்ட்டில் வளர்ந்தார். மூன்று வயதிலிருந்து 15 வருடம் வயலின், அதுவும் மேற்கத்திய சாஸ்திரீய முறையில் ஒழுங்காகக் கற்றது. பியானோவுக்கு அப்படிப் பாடம் எதுவும் கிடையாது. காதால் கேட்டு, கையால் தேடித் தானாக வந்தது. யேல் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் படித்தார். இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்க பெர்க்லிக்குப் போனார். அங்கேதான் திசை மாறுகிறது. பகலில் ஆராய்ச்சி, இரவில் ஓக்லண்ட், சான் பிரான்சிஸ்கோ பக்கத்து இசைக்கூடங்களில் வாசிப்பு. ஸ்டீவ் கோல்மன் என்ற சாக்ஸஃபோன் கலைஞர், தாளக் கட்டுமானத்தையே வாழ்க்கையாக எடுத்துக்கொண்டவர், இவரைத் தம்மோடு சேர்த்துக்கொண்டார். 1995-இல் ஏஷியன் இம்ப்ரூவ் என்ற சிறு நிறுவனத்தில் முதல் தொகுப்பு ‘மெமரோஃபிலியா’.

இயற்பியலில் முதுகலையோடு நிறுத்திக்கொண்டு, தொழில்நுட்பமும் கலையும் கலந்த துறை ஒன்றில் 1998-இல் முனைவர் பட்டம் வாங்கினார். அந்த ஆய்வு எதைப் பற்றியது என்பதில்தான் எனக்கு ஆர்வம். மேற்கு ஆப்பிரிக்க இசையிலும் ஆப்பிரிக்க அமெரிக்க இசையிலும் தாளம் உடம்பில் எப்படி வாழ்கிறது என்பதே அதன் பொருள். ஒரு தட்டு ஒரு விநாடியின் மிகச் சிறிய பங்கு முன்னாலோ பின்னாலோ விழுவதை நாம் பிழை என்போம். அந்த நுண்ணிய தள்ளல்தான் அந்த இசையின் உணர்ச்சியே என்றும், கேட்கும்போது மூளையோடு கை காலும் சேர்ந்துதான் புரிந்துகொள்கின்றன என்றும் அவர் வாதிட்டார். மிருதங்கம் சொல்லிக்கொடுக்கிற எவருக்கும் இது தெரியும், ஆனால் எழுதிவைக்கமாட்டோம். ஒரே கணக்கை இரண்டு பேர் வாசித்தால் ஒருவருடையது நடக்கும், இன்னொருவருடையது நிற்கும். மாத்திரையை எண்ணிப் பார்த்தால் இரண்டும் சரியாகவே இருக்கும்.

நம்மவர்கள் அடிக்கடி செய்கிற ஒன்றைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். விஜய் ஐயர் என்றவுடன் “கர்நாடக சங்கீதத்தை ஜாஸில் புகுத்தியவர்” என்று எழுதிவிடுகிறோம். இந்த வட்டை எடுத்துப் பாருங்கள். அதில் வணங்கப்படும் பெயர்கள் நான்கு: தெலோனியஸ் மங்க், பில்லி ஸ்ட்ரேஹார்ன், ஜான் கோல்ட்ரேன், ராபர்ட் ஹூட். முதல் மூவர் ஜாஸ் மேதைகள், ஹூட் டெக்னோ இசைக்காரர். நால்வரும் கறுப்பின அமெரிக்கர்கள். இவரை வளர்த்த ஸ்டீவ் கோல்மனும் இன்னொரு சாக்ஸஃபோன் கலைஞரான ரோஸ்கோ மிட்செலும் அப்படியே. தாம் யாருடைய திண்ணையில் உட்கார்ந்து கற்றோம் என்பதை அவர் எங்கே பேசினாலும் மறக்காமல் சொல்கிறார். அவர் பெயரில் ஐயர் இருக்கிறது என்பதற்காக அந்தத் திண்ணையை நாம் மறைத்துவிடக் கூடாது. பாடாந்தரம் சொல்வது நம் ஊர் மரியாதைதானே? யாரிடம் கற்றார் என்று சொல்லிவிட்டுத்தானே வித்வானைப் பற்றிப் பேசத் தொடங்குவோம்?

இனி வட்டுக்குள் போகலாம். என் அறிவுரை: முதல் முறை கேட்கிறவர்கள் நான்காவது உருப்படியான ‘ஹூட்’டில் தொடங்குங்கள். ராபர்ட் ஹூட் டெட்ராய்ட் நகரத்துக்காரர்; டெக்னோ என்பது மின்னணுக் கருவிகளில் செய்கிற நடன இசை. 1994-இல் ‘மினிமல் நேஷன்’ என்ற இசைத்தட்டில் எந்திரங்களிடமிருந்து மிகக் குறைந்த ஒலிகளை மட்டும் வாங்கி அதையே திருப்பித் திருப்பி ஓடவிட்டுக் காட்டியவர். எந்திரம் செய்ததை மூன்று மனிதர்கள் கையால் செய்தால் எப்படியிருக்கும் என்பதுதான் ‘ஹூட்’. பியானோவில் குட்டையான, நறுக்கென்ற சுரங்கள். மிருதங்கத்தில் மீட்டு என்ற அடி மாதிரி, தொட்டவுடன் கை எடுத்துவிடுகிற தொடுகை. ஒரே வடிவம் ஓடிக்கொண்டே இருக்கிறது. மாறவில்லை என்று நினைக்கும்போதே அதற்குள் ஏதோ ஒன்று இடம் பெயர்ந்திருக்கும். கில்மோர் அந்த ஓட்டத்துக்கு மேலே வேறு வேறு நடையைப் போட்டுக்கொண்டே போகிறார். நான் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் தடவை இரண்டு நிமிடத்துக்குள் என் கை வேறு இடத்துக்குப் போய்விட்டது. மூன்றாம் தடவை கண்ணை மூடிக்கொண்டு பாஸை மட்டும் பிடித்துக்கொண்டேன். கரை சேர்ந்தேன். கிரம்ப் போடுகிற அடியைப் பிடித்துக்கொண்டால் மற்ற இருவரும் எங்கே வேண்டுமானாலும் போய்விட்டு வரட்டும் என்று இருக்கலாம்.

அடுத்தது மங்கின் ‘வர்க்’. 1954-இல் மங்கே மூவராக வாசித்துப் பதிவுசெய்தது. மங்க் கார்வையின் பெரியப்பா. அடிக்க வேண்டிய இடத்தில் அடிக்காமல் விட்டு, நம் மனத்தையே அந்த சுரத்தை அடிக்கவைப்பவர். விஜய் ஐயர் அவரைக் கையெழுத்துப் பார்த்து எழுதுகிற மாதிரி நகல் எடுக்கவில்லை. மெட்டின் கோணல் கோணலான எலும்பை அப்படியே வைத்துக்கொண்டு கீழே ஓடுகிற நடையை வேறாக்கியிருக்கிறார்.

‘மிஸ்டரி உமன்’ ஒன்பதாவது. இதில்தான் நம் ஊர் வருகிறது, அதுவும் வாசல் வழியாக இல்லை, அஸ்திவாரத்தின் வழியாக. தென்னிந்தியத் தாளவாத்தியத்துக்குக் கடன்பட்ட கூட்டு நடை என்று வெளியீட்டாளர்களே குறிப்பிட்டிருக்கிறார்கள். ராகம் தேடினால் கிடைக்காது. வீணை, கடம் எதுவும் கேட்காது. அமெரிக்க டிரம்ஸ், அமெரிக்க பாஸ், பியானோ. ஆனால் அடியில் இரண்டு துடிப்புகள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. ஒரு கை சதுஸ்ரம் (நான்கு நான்காக) போடும்போது மனம் திஸ்ரத்தில் (மூன்று மூன்றாக) நடந்தால் உடம்பு எப்படி இரண்டாகப் பிரிந்து ஒன்றாகச் சேருமோ, அந்தச் சுகம். கில்மோர் கீழே உள்ள பெரிய டிரம்மையும் மேலே சின்னதையும் பேசவிடுவது மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பிக்கும் வலது பக்கமான வலந்தலைக்கும் நடக்கிற பேச்சு மாதிரியே என் காதில் விழுந்தது. மார்கஸ் கில்மோர் யாருடைய பேரன் தெரியுமா? சார்லி பார்க்கருக்கும் மங்குக்கும் கோல்ட்ரேனுக்கும் டிரம்ஸ் வாசித்த ராய் ஹேன்ஸின் பேரன். தாத்தா 2024-இல் 99 வயதில் காலமானார். இந்தத் தொகுப்பு வந்து மூன்று வருடம் கழித்து, ரோலெக்ஸ் நிறுவனத்தின் குரு சிஷ்யத் திட்டத்தில் ஜாகிர் ஹுசேன் தமக்குச் சீடராக இவரைத் தேர்ந்தெடுத்தார். ‘மிஸ்டரி உமன்’ கேட்டவர்களுக்கு அதில் ஆச்சரியம் இருக்காது.

ஏழாவது உருப்படி ‘பிளட் கவுன்ட்’. இது மட்டும் தனிப் பியானோ. இதற்காகவே 9 டாலர் கொடுக்கலாம். பில்லி ஸ்ட்ரேஹார்ன் கிட்டத்தட்ட முப்பது வருடம் ஜாஸ் குழுத் தலைவர் டியூக் எல்லிங்டனுக்கு வலது கையாக இருந்து இசையமைத்தவர். உணவுக்குழாய்ப் புற்றுநோயில் கிடந்தபோது மருத்துவமனையில் இருந்து முடித்துக்கொடுத்த கடைசி மெட்டு இது. பெயரே ரத்தப் பரிசோதனையின் பெயர். 1967 மே 31 அன்று இறந்துபோனார். அவர் நினைவாக எல்லிங்டன் அதே வருடம் பதிவுசெய்த தொகுப்பில் ஜானி ஹாட்ஜஸ் சாக்ஸஃபோனில் இதை வாசித்தார். அதையும் தேடிக் கேளுங்கள், அது கதறுகிறது. விஜய் ஐயருடையது கதறவில்லை. மெட்டை ஒருமுறை சொல்கிறார், அவ்வளவுதான். சுரத்தை வைத்துவிட்டு அது அடங்கும்வரை காத்திருக்கிறார். பியானோவின் கம்பி அதிர்ந்து ஓய்வது கடைசிவரை கேட்கிறது. அந்த ஓய்வும் மெட்டில் சேர்ந்துதான் இருக்கிறது.

ஒரு மாலை இதைப் போட்டுவிட்டு மிருதங்கத்துக்கு வார் பிடித்துக்கொண்டிருந்தேன். ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. அவருக்கு 81 வயது. வாழ்நாளெல்லாம் கோவில் நாகஸ்வரமும் ரேடியோக் கச்சேரியும் கேட்ட காது. பியானோ என்பது சினிமாப் பாட்டில் வருவது என்ற அளவுக்குத்தான் பழக்கம். முடிந்ததும், “என்னம்மா இது, நிறுத்தி நிறுத்திப் போகிறானே” என்றார். நான் பதில் சொல்வதற்குள் அவரே, “நிறுத்துகிறான், ஆனால் விட்டுவிடவில்லை. இன்னொரு தடவை போடு” என்றார். போட்டேன். யார் எழுதியது, ஏன் எழுதியது என்று அதற்குப் பிறகுதான் சொன்னேன். அன்று ராத்திரி சாப்பிடும்போது, “ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே எழுதினானா?” என்று மறுபடி கேட்டார்.

குறை இல்லாமல் இல்லை. தொகுப்பின் வாசல் மெதுவாகத்தான் திறக்கிறது. ‘ஸ்டார்லிங்ஸ்’ நிதானமாகப் பறக்கத் தொடங்குகிறது, சரி. அதை அடுத்து ‘கோரால்’ வந்து மறுபடி முதலிலிருந்து மெல்ல எழும்பும்போது எனக்குப் பொறுமை தளர்ந்தது. வர்ணம் முடிந்ததும் விறுவிறுப்பாக ஒரு கீர்த்தனையை எடுத்துச் சபையைப் பிடிக்கிற பழக்கம் நமக்கு. இங்கே மூன்று உருப்படி காத்திருந்தால்தான் ‘ஹூட்’. ‘டிப்டிக்’ இன்றுவரை என்னிடம் ஒட்டவில்லை. கணக்கு இருக்கிறது, கட்டுமானம் இருக்கிறது, ஆனால் கேட்டு முடித்த பிறகு முணுமுணுக்க ஒன்றும் மிஞ்சவில்லை. ‘கவுன்ட்டவுன்’ கோல்ட்ரேனின் 1960 இசைத்தட்டில் இரண்டரை நிமிடம்கூட ஓடாது. டிரம்ஸில் தொடங்கி, சாக்ஸஃபோன் புயலாக வந்து, கடைசியில்தான் மெட்டின் முகத்தைக் காட்டும். இந்த மூவர் அதை மேற்கு ஆப்பிரிக்கத் தாள அமைப்பில் வைத்து நீட்டியிருக்கிறார்கள். நன்றாக இருக்கிறது, ஆனால் மூலத்தைக் கேட்டுவிட்டு இதற்கு வாருங்கள். மூலம் தெரியாமல் இதைக் கேட்டால் எதை எங்கே மாற்றினார்கள் என்ற ருசி கிடைக்காது.

‘ஸ்டார்லிங்ஸ்’, ‘கீஸ்’, ‘ரென்ஸ்’ ஆகிய மூன்றும் பறவைகளின் பெயர்கள். எழுத்தாளர் டெஜு கோலின் ‘ஓப்பன் சிட்டி’ நாவலை ஒட்டி விஜய் ஐயர் ஒரு பெரிய குழுவுக்கு எழுதியவற்றிலிருந்து மூவருக்காகச் சுருக்கியவை. நியூயார்க் தெருக்களில் நடந்துகொண்டே இருக்கிற ஒருவனின் கதை அது. ‘ரென்ஸ்’தான் கடைசி உருப்படி. மங்களம் பாடி முடிக்கிற நிறைவு அதில் இல்லை. சிட்டுக்குருவி அளவுள்ள பறவை ஒன்று வேலியில் உட்கார்ந்திருந்து, நாம் பார்க்கும்போதே இல்லாமல் போன மாதிரி முடிகிறது.

எந்தத் தொகுப்பை முதலில் வாங்குவது என்று என் தங்கை கேட்டாள். தமிழர்கள் பெரும்பாலும் ஒருவருக்கொருவர் ‘தீர்த்தா’வைத்தான் சிபாரிசு செய்கிறார்கள். 2011-இல் வந்தது. ராணிப்பேட்டையில் வளர்ந்து சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டுமானம் படித்துவிட்டு கிட்டாரில் கர்நாடக சங்கீதம் வாசிக்கிற பிரசன்னாவும், தபலாவில் நிதின் மித்தாவும் கூட இருக்கிறார்கள். கமகம் காதில் விழும், அதனால் உடனே பிடித்துவிடும். நானும் ரசித்தேன். ஆனால் விஜய் ஐயர் யார் என்று தெரிய வேண்டுமானால் இந்த மூவரிடம்தான் போக வேண்டும். ‘ஹிஸ்டாரிசிட்டி’யும் நல்ல வாசல்தான். லண்டனில் பிறந்த ஈழத்தமிழ்ப் பெண் எம்.ஐ.ஏ.வின் ‘கலாங்’ பாட்டைச் சொற்களே இல்லாமல் மூன்று வாத்தியத்தில் பிடித்திருக்கிறார்கள். ரானி ஃபாஸ்டரின் ‘மிஸ்டிக் ப்ரூ’ பாட்டை, முந்தைய இரண்டு எண்ணைக் கூட்டினால் அடுத்த எண் வருகிற ஃபிபொனாச்சி வரிசையின் விகிதங்களில் நடத்திக்காட்டியிருக்கிறார்கள். 3, 5, 8, 13. கணக்குப் பிரியர்கள் அதை விடமாட்டார்கள். 2021-இல் வந்த ‘அன்ஈஸி’யில் ஆட்களே வேறு: பாஸில் லிண்டா மே ஹான் ஓ, டிரம்ஸில் டைஷான் சோரி. அதே மூவர் 2024-இல் ‘கம்பேஷன்’ என்ற தொகுப்பும் தந்தார்கள். கிரம்ப்பும் கில்மோரும் இருந்தபோது இருந்த நெருக்கம் வேறு, இதில் உள்ள விரிவு வேறு. எனக்கு நெருக்கம் பிடிக்கும்.

2017 நவம்பரிலிருந்து இசிஎம் வெளியீடுகள் இணையத்திலும் கிடைக்கின்றன. கைபேசியில் கேட்கலாம். ஆனால் கைபேசியின் சின்ன ஒலிபெருக்கியில் கிரம்ப்பின் பாஸ் பாதி காணாமல் போகும். பாஸ் போனால் ‘ஹூட்’டில் பிடித்துக்கொள்ளக் கயிறே இல்லை. நல்ல ஹெட்ஃபோனாவது வேண்டும். வரிசையைக் கலைத்துப் போடுகிற பொத்தானை அணைத்துவிடுங்கள். ‘பிளட் கவுன்ட்’ முடிந்த அமைதியிலிருந்து தலைப்பு உருப்படியான ‘பிரேக் ஸ்டஃப்’ எழும்புகிற இடம் அவர்கள் யோசித்து வைத்தது.

அந்தப் பையனுக்கு என்ன ஆயிற்று என்றால், ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிந்து மற்றவர்கள் கிளம்பிய பிறகு அவனை மட்டும் இருக்கச்சொல்லி ‘ஹூட்’ போட்டேன். விளக்கம் எதுவும் சொல்லவில்லை. “தாளம் போடு” என்று மட்டும் சொன்னேன். முதலில் சிரித்துக்கொண்டே போட்டான். நடுவே வழுக்கினான். நிறுத்தி, முதலிலிருந்து போடச் சொன்னான். இரண்டாவது தடவை அவன் கை தொடையிலிருந்து எழும்பி அப்படியே அந்தரத்தில் நின்றதைப் பார்த்தேன், அடுத்த அடி வரும் வரைக்கும். நான் விரல் வைக்கவில்லை.

பிறகு மிருதங்கத்தை எடுத்து அந்த ஆறையும் மூன்றையும் வாசிக்கச் சொன்னேன். முதல் கார்வையில் நின்றான். இரண்டாவதில் லேசாகத் தின்றான், கால் அட்சரம் முன்னால் விழுந்தான். போன மாதம் அரை, இப்போது கால். அப்பா காரில் வந்து ஹாரன் அடித்ததும், “டீச்சர், இந்த சி.டி.யை நான் எடுத்துக்கொண்டு போகட்டுமா?” என்று கேட்டான். அவர்கள் வீட்டில் அதைப் போடக் கருவி இருக்கிறதா என்று கேட்டேன். அப்பாவின் பழைய காரில் இருக்கிறதாம். மூன்று வாரம் ஆகிவிட்டது, இன்னும் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.